சாமியார் வண்டி நின்ற வீடு

அம்மா பாவசங்கீர்த்தனம் செய்யும்போது எங்கள் வீட்டில் டிவியைச் சத்தமாக வைப்போம். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு அது மானப் பிரச்சினை.

அம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் காது நன்றாக மந்தமாகிவிட்டது. காது கேட்காதவர்கள் பல பேரைப் போல அவளும் ஊருக்கே காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுவாள். கோவிலுக்கு நடந்து போக முடியாமல் போன பிறகு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து அவளுக்கு நன்மை, அதாவது பூசையில் தருகிற நற்கருணை அப்பம், கொடுப்பார். அதற்கு முன்னால், செய்த பாவங்களை அவரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அது வேறு யார் காதிலும் விழக் கூடாது. தப்பித் தவறி விழுந்தாலும் விழாத மாதிரியே இருந்துவிட வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது. அம்மாவோ, மருமகள் வைத்த கருவாட்டுக் குழம்பைக் குறை சொன்ன பாவத்தைத் தெருமுனை மளிகைக் கடை வரைக்கும் கேட்கும்படி சொல்வாள். அந்த மருமகள், அதாவது என் மதினி, அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். அதனால்தான் டிவி. சாமியார் அறைக் கதவைச் சாத்தியதும் அண்ணன் நியூஸ் சேனலை வைத்துவிடுவான். அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டை போடுகிற சத்தத்தை அம்மாவின் பாவங்களால் தாண்ட முடியாது.

அம்மா இப்போது இல்லை. நல்ல சாவு, கல்யாணச் சாவு என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அதற்கு முந்தின நாட்களில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன். ஒரு ஆபீசில் வேலை. அம்மா கந்தர்வக்கோட்டை போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில், அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். எனக்கு எதை நினைத்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும், பிறவிக் குணம். போனில் அண்ணன் பெயரைப் பார்த்தாலே அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். அவன் கேஸ் சிலிண்டருக்கு வந்த ஓடிபியைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பான். "ஏண்ணே இப்படிப் பயமுறுத்துற?" என்று எரிந்து விழுவேன். "பகல்ல பதினோரு மணிக்குப் போன் பண்ணுனாக்கூட ஒனக்குப் பயமா?" என்பான் அவன். இந்தப் பயம் அப்பா வழியில் வந்தது என்றுதான் நான் ரொம்பக் காலம் நினைத்திருந்தேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தார், சில்லறை குறைந்தாலே அவருக்குத் தூக்கம் வராது. அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

அவள் ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அப்பாவை முதல் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுக் காலைப் பூசைக்குப் போவாள். திரும்பி வந்து எங்களை அடித்துப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவாள். கோவில் பீடத்தில் விரிக்கிற துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பாள். அந்தத் துணி கொடியில் காயும்போது நாங்கள் அந்தப் பக்கம் ஓடிப் பிடித்து விளையாடினால் முதுகில் ஒன்று விழும். கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்க முறுக்கும் அதிரசமும் போகும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தத் தட்டுகள் நிறைந்து திரும்பி வரும். புதுக்கோட்டையைத் தாண்டி அவள் போன ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சம்பாதித்து வந்தவளும் இல்லை, மேடை ஏறியவளும் இல்லை. ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் ஊரே அவளைத்தான் தேடி வரும்.

யார் வீட்டிலாவது ஒருவர் சாகக் கிடந்தால் அம்மாவுக்கு ஆள் வந்துவிடும்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஜவுளிக்கடைப் பையில் மந்திரித்த மெழுகுதிரியும், தீர்த்த பாட்டிலும், ஜெபமாலையும் எப்போதும் தயாராக இருக்கும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். போன வீட்டில் முதல் கேள்வி, "சாமிக்குச் சொல்லி விட்டாச்சா?" என்பதுதான். அந்த வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. உடம்பு ரொம்ப முடியாமல் கிடப்பவர்களுக்குச் சாமியார் வந்து நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார். இப்போது இதை நோயில் பூசுதல் என்கிறார்கள். அம்மா காலத்தில் அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். பேரைக் கேட்டாலே யாருக்குத்தான் பயம் வராது? அந்த எண்ணெய் பூசிவிட்டால் அப்புறம் ஆள் தேறாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. சாமியார் வண்டி ஒரு தெருவுக்குள் திரும்பினால் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஜன்னல் ஜன்னலாகத் தலை நீளும். நின்றுவிட்டால் அந்த வீட்டுக் கதை முடிந்தது என்று பேசிக்கொள்வார்கள். அதனாலேயே கடைசி மூச்சு இழுக்கும் வரைக்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அவர் வந்து சேரும்போது நோயாளிக்குப் பேச்சு இருக்காது, சில சமயம் உயிரே இருக்காது.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "டாக்டர் மருந்து பூசுனா செத்தா போறீங்க? இதுவும் மருந்துதான். நெனவு இருக்கையிலேயே கூப்பிடுங்கத்தா. மனசுல இருக்கிறதக் கொட்டிட்டு நிம்மதியாக் கெடக்கட்டும்" என்று சத்தம் போடுவாள். எண்ணெய் பூசி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்களின் கதைகளை எடுத்து விடுவாள். கூப்பிட வைத்துவிட்டுத்தான் ஓய்வாள். சொந்தக்காரர்கள் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருக்க, அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வாள். "பயப்படாதீங்க. ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க." இவ்வளவுதான் அவள் சொல்வது.

கிறிஸ்தவர்கள் வீட்டுக்கு மட்டும்தான் போவாள் என்றில்லை. எங்கள் எதிர்வீட்டில் பூக்கடை வைத்திருந்தவர்கள் இந்துக்கள். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் பூக்காரக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்று வந்து, பேச முடியாமல் கிடந்தார். ஒரு நாள் காலையில் பூக்காரக்கா ஓடி வந்து, "அக்கா, அவரு ஒங்களத்தான் கைகாட்டிக் கேக்குறாரு" என்றார். அன்றைக்கு அம்மா மெழுகுதிரி, தீர்த்தம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு போனவள் பொழுது சாயும் வரைக்கும் வீட்டுக்கு வரவில்லை. அப்பா ஓட்டலில் சாப்பிட்டார், எங்களுக்கும் பரோட்டா வாங்கி வந்தார். அம்மாவின் கையைப் பிடித்தபடியேதான் அந்த மனிதர் போனார். அதிலிருந்து எங்கள் வீட்டு மாதா படத்துக்குத் தினமும் எதிர்வீட்டிலிருந்து ஒரு முழம் பூ வந்துவிடும். காசு கொடுத்தால் பூக்காரக்காவுக்குக் கோபம் வரும்.

இப்படிப்பட்டவளுக்கு இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஊசி போட்டால் ஒரு நாள் நன்றாக இருப்பாள், மறுநாள் மறுபடியும் மூச்சு வாங்கும். டாக்டர் எங்களை வெளியே அழைத்து, "வயசாயிருச்சு. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க. பிடிச்சதக் குடுங்க" என்றார். பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு ஊருக்கே போய்விட்டேன்.

அங்கே போனதும் எங்கள் முன்னால் நின்றது, சாமியாரை எண்ணெயோடு கூப்பிடுவதா வேண்டாமா என்பதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஊருக்கெல்லாம் அம்மா சொன்னதை அம்மாவுக்குச் செய்ய வேண்டியதுதானே? ஆனால் தன் வீடு என்று வரும்போது புத்தி வேறு மாதிரி வேலை செய்கிறது.

"எண்ணெய் டப்பாவைப் பாத்ததும் அம்மாவுக்குத் தெரிஞ்சுரும், நாமளே முடிவு கட்டிட்டோம்னு. அந்த நிமிசமே மனசு விட்டுரும்" என்றான் அண்ணன்.

"அத்தை இத்தனை வருசமா ஊர்ச் சனத்தைத் திட்டுனதே இதுக்குத்தானே? நாமளே இப்படிப் பேசுனா?" என்றாள் மதினி.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கூப்பிட்டு, அந்த அதிர்ச்சியில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க என்னை நானே மன்னிக்க மாட்டேன். கூப்பிடாமல் விட்டு, எண்ணெய் வாங்காமல் அவள் போய்விட்டாலும் அதே கதிதான். எண்ணெய் இல்லாமல் போன ஒருவரைப் பற்றி அவள் வருஷக்கணக்காகப் புலம்பியதை நான் கேட்டிருக்கிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும், அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். "என்னையவே என்னத்தா பாக்குற? போயி வெங்காயத்தை உரி" என்று அம்மா கத்துவாள்.

முதல் வெள்ளி வந்தது. எப்படியும் சாமியார் நன்மை கொண்டுவருவார். அண்ணனுக்குத் தெரியாமல் நான் அவருக்குப் போன் செய்தேன். வெளியூரிலிருந்து வந்த இளம் சாமியார், அண்ணன் மகனைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். "ஃபாதர், எண்ணெயும் எடுத்துட்டு வாங்க. ஆனா வெளியில தெரியாம கொண்டு வாங்க. நன்மை குடுக்கிற மாதிரியே பேச்சுக் குடுத்து, சட்டுனு பூசி விட்டுருங்க" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதற்குத் திட்டம் போடுகிற மாதிரிப் போட்டிருக்கிறேன். அவரும் பாவம், சரி என்றார்.

வந்தார். டிவி சத்தமாக ஓடி, நின்றது. கதவைத் திறந்து எங்களையும் உள்ளே கூப்பிட்டார். நான் மெதுவாக அவரைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவர் கை அங்கியின் பாக்கெட்டுப் பக்கம் போனது. அம்மாவுக்குக் காதுதான் போச்சே தவிர, கண் கழுகுக் கண்.

"பாக்கெட்டுல என்ன சாமி, எண்ணெயா?" என்று கேட்டாள்.

சாமியார் பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமாம்மா" என்றார்.

"இன்னைக்கு வேணாம் சாமி. நன்மை மட்டும் குடுங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் நன்மை கொடுத்தார், காப்பியும் குடித்தார், போய்விட்டார். அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அது போகட்டும். அம்மா ஏன் வேண்டாம் என்றாள்? ஊரெல்லாம் போய் எண்ணெய் வாங்க வைத்தவள், தன் கட்டிலுக்கு வந்த எண்ணெயை ஏன் திருப்பி அனுப்பினாள்? சத்தமாகச் சொன்னதால் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் பால் வாங்கப் போனபோது, கோவிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரின் மனைவி, "அம்மாவே வேணாம்னுட்டாங்களாமே?" என்று கேட்டார். "காப்பி வேணாம்னு சொல்லலையே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மாவின் விசுவாசம் கடைசி நேரத்தில் போய்விட்டதோ என்று எனக்குப் பயம். இத்தனை வருஷம் கோவிலே கதி என்று இருந்ததெல்லாம் எதற்கு?

அதற்கு அப்புறம் ஒரு நாள் காலையில், தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைத்து அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தான், மதினி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. காது மந்தமானவளிடம் ரகசியம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காதோடு வாயை ஒட்டவைத்து, "ஏம்மா எண்ணெய் வேணாம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

அம்மா குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டுப் பல வருஷங்கள் ஆகியிருக்கும். அன்றைக்குப் பேசினாள்.

"பயமாருக்குத்தா."

"ஒனக்கா? நீதானம்மா எல்லாரையும் பயப்படாதீங்கன்னு சொல்லுவ?"

"அதுக்குத்தான் பயமாருக்கு. எனக்கென்ன தெரியும்னு சொன்னேன்? செத்துப் பாத்துட்டு வந்தா சொன்னேன்? ஒவ்வொரு வீட்டுலயும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணிய ஊத்திட்டு அடுப்படிக்குள்ள உக்காந்து நடுங்குவேன். ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "பயந்துகிட்டே இருக்கிறவ, சாகப் போறவுகளப் பாத்துப் பயப்படாதேன்னு சொன்னா அது பொய்தானே? எத்தனை பேரு கடைசியாக் கேட்டது என் பொய்யைத்தான். அதச் சாமிகிட்டச் சொல்லாம எண்ணெய் வாங்க முடியாது. சொல்ல வெக்கமாருக்கு. அந்தப் புள்ளைக்கு என்ன வயசு? என்னையப் பத்தி என்ன நெனைக்கும்?"

"பயப்படாதேம்மா" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மறுபடி தலை வார ஆரம்பித்தேன். பின்னி முடித்ததும், "யாருகிட்டயும் சொல்லிறாத" என்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. முன்பு அம்மாவுக்கு அதிர்ச்சியாகிவிடுமே என்று மட்டும்தான் பயந்தேன். இப்போது அவள் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரே பெரிய காரியத்தைப் பாவம் என்று நினைத்துக்கொண்டு, அதைச் சொல்லவும் முடியாமல், எண்ணெயும் வாங்காமல் போய்விடுவாளே என்று பயம். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவள் நின்ற அந்த நிம்மதி அவளுக்குக் கிடைக்காமல் போனால் அதைவிட அநியாயம் வேறு எது? கடவுளிடம் கோபமாகவே பேசினேன். அம்மா இருமினால் ஓடுவேன், இருமாவிட்டாலும் ஓடுவேன்.

ஒரு வாரநாள். பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறியதும் அம்மாவுக்கு மூச்சு அதிகமாக இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து, "சாமியக் கூப்பிடுத்தா" என்றாள்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதேதான். கோவிலில் விசாரித்தால், கிளைக் கோவிலில் ஒரு கல்யாணப் பூசைக்குப் போயிருக்கிறாராம். முந்திரிக் காட்டுக்குள் இருக்கிற ஊர், டவர் கிடைக்காது. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். எண்ணெயே வேண்டாம் என்று நின்றவன் அவன்தான். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன். அதற்குள் விஷயம் தெரிந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். உபதேசியார் மனைவி வந்தார், கோவில் பாடகர் குழுப் பெண்கள் வந்தார்கள், பூக்காரக்கா கட்டிக்கொண்டிருந்த பூவை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில், அவர்கள் அம்மாவோ அப்பாவோ புருஷனோ போகும்போது என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். என் காது முழுக்கத் தெருவிலேயே இருந்தது.

சாமியார் வண்டிச் சத்தம் கேட்டாலே பயந்து வளர்ந்தவள் நான். அன்றைக்கு அது தெருவுக்குள் திரும்பியபோது ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. தெரிந்தால் தெரியட்டும்.

பின்னாலேயே அண்ணனும் வந்து சேர்ந்தான். சாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கூடத்தில் ஜெபம் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கரண்ட் இல்லை. டிவி கிடையாது, மின்விசிறிச் சத்தம்கூடக் கிடையாது. மதினி என்னைப் பார்த்தாள், நான் அண்ணனைப் பார்த்தேன். அம்மாவின் குரல் மூச்சுக்கு மூச்சு தடைபட்டாலும், பழைய சத்தம் குறையவே இல்லை.

"பொய் சொன்னேன் சாமி. சாகக் கெடந்தவுககிட்டப் பூராம் பொய் சொன்னேன். எனக்கே பயம். பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

உபதேசியார் மனைவி அவசரமாக, மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தை உரக்க ஆரம்பித்தார். எல்லோரும் கூடச் சேர்ந்து சத்தம் கொடுத்தார்கள். அதையும் மீறி அம்மாவின் குரல் வந்தது. யார் யார் வீடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தந்த வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே கேட்காதவர்களைப் போல ஜெபம் சொன்னார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவு திறந்தது. எண்ணெய் பூசும்போது எல்லோரும் உள்ளே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கட்டிலைச் சுற்றி நின்றோம். சாமியார் ஜெபம் சொல்லி அம்மாவின் நெற்றியில் எண்ணெய் வைத்தார். அடுத்தது உள்ளங்கை. போர்வையை விலக்கினால், அம்மா இரண்டு கையையும் இறுக்கி மூடியிருந்தாள். நான் விரலைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"அம்மா, மன்னிப்புக் கெடச்சாச்சும்மா. கையை விரிங்க" என்று சாமியார் குனிந்து சத்தமாகச் சொன்னார்.

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "முடியல சாமி. நான் பொய்க்காரி. நான் சொன்னத நம்பிப் போனாகளே. நான் எப்படி வாங்குறது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லக் கூடாதே. சாமியார் எண்ணெய்ச் சிமிழைப் பிடித்தபடி நின்றார். அம்மாவின் மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. இப்படியே போய்விடுவாள், மூடின கையோடு போய்விடுவாள் என்று நினைத்தேன்.

பூக்காரக்காவுக்கு எங்கள் சட்டமெல்லாம் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "என்னக்கா பொய் சொன்னீங்க? எங்க வீட்டுக்காரரையுமில்ல சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்று அம்மாவின் காதில் கத்தினார். உபதேசியார் மனைவி பதறி அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். "அதெல்லாம் கேக்கக் கூடாதுக்கா."

"நீ சும்மா இரு. என்னக்கா பொய்?"

"பயப்படாதீங்கன்னு சொன்னேன். எனக்குப் பயமாருந்துச்சு. அவருக்குத் தெரியாம மறைச்சேன்" என்றாள் அம்மா.

"நல்லா மறைச்சீங்க போங்க. நீங்க நடுங்குன நடுக்கத்துல கட்டிலே ஆடுச்சு. அவரு என்னையப் பாத்து, அக்காவுக்குத் தண்ணி குடுன்னு சைகை காட்டுனாரு. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சீங்களே, மறந்துருச்சா?"

அம்மா அவரையே பார்த்தாள். மற்ற பெண்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். வாயைப் பொத்தி அழுதவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இன்னொருத்தியும் ஆட்டினாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான்.

"தெரிஞ்சுமா என்னையக் கூப்பிட்டீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பயமில்லாதவுகளக் கூப்பிட்டு வச்சு நாங்க என்னக்கா பண்றது? அவரும் பயந்தாரு, நீங்களும் பயந்தீங்க. ஆனா எந்திரிச்சுப் போகலையே நீங்க."

அம்மா இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை மேலே தெரியச் சாமியாரிடம் நீட்டினாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.